காரே ஏறிப் போகும் ரயில்!



காரில் ஏறி நாம் ஊருக்குப் போகிறோம். அந்தக் காரே ஏறி ஊருக்குப் போகும் வண்டி எது? சொல்லுங்கள் பார்க்கலாம்.

"லாரி!" என்று சிலர் சொல்வீர்கள். சரிதான். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பிள்ளைகள் புதுக் கார்களைச் சுமந்து போகும் நீளமான டிரெயிலர் லாரிகளைத் தினமும் பார்ப்பீர்கள். "கப்பல்!" என்று சிலர் சொல்வீர்கள். அதுவும் சரி. சென்னைத் துறைமுகத்திலிருந்தும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்தும் கார்கள் கப்பல் ஏறி வெளிநாடு போயிருக்கின்றன.

"ரயில்!" என்று சொன்னவர்களுக்கு ஒரு சபாஷ்! இன்று நாம் பேசப்போவது அந்த ரயிலைப் பற்றித்தான். கூடவே, ஒரு பொருளை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைப் பற்றியும் தெரிந்துகொள்வோம். அந்த வேலையைத்தான் 'லாஜிஸ்டிக்ஸ்' என்கிறார்கள்.

பாலாற்றங்கரை ஊர்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், பாலாற்றின் பக்கத்தில் இருக்கிறது வாலாஜாபாத். ஆற்காடு நவாபாக இருந்த முகமது அலி வாலாஜாவின் பெயரைக் கொண்ட ஊர் இது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக் காலத்தில் இங்கே ராணுவ முகாம் இருந்தது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போகும் ரயில் பாதையில் வாலாஜாபாத் வரும். வண்டலூரில் தொடங்கி, படப்பை, ஒரகடம் வழியாக வரும் நெடுஞ்சாலையும் இந்த ஊரில்தான் வந்து சேர்கிறது. சாலையும் ரயிலும் சந்திக்கும் இடத்தில் சரக்கு வேலை வளர்வது இயல்புதானே?

சுற்றுவட்டாரத்தில் என்னென்ன செய்கிறார்கள் என்றும் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் முதல் கார் 'சான்ட்ரோ' 1998-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரகடத்தில் ரெனால்ட்–நிஸான் கார் தொழிற்சாலை 2010-இல் திறக்கப்பட்டது. 2012-இல் டைம்லர் நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலை, 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இத்தனை வண்டிகளைச் செய்தால் மட்டும் போதுமா? வாங்குபவர் டெல்லியில் இருப்பார், குவஹாத்தியில் இருப்பார், வேறு நாட்டிலும் இருப்பார். அவர் வீட்டு வாசலில் போய் நின்றால்தான் அது அவருடைய கார். அதற்கு ஒரு வழி வாலாஜாபாத் ரயில் நிலையம். இங்கே கார்களை ரயிலில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

நேபாளத்துக்குப் போன 125 கார்கள்

2021-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் வாலாஜாபாத்திலிருந்து ஒரு ரயில் புறப்பட்டது. அதில் பயணிகள் யாரும் இல்லை. 25 பெட்டிகள், உள்ளே 125 ஹூண்டாய் கார்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர வேண்டிய நாடு நேபாளம். அந்த நாட்டுக்குக் கடற்கரையே கிடையாது. ஆகவே கப்பலில் நேராக அனுப்ப முடியாது. வாலாஜாபாத்தில் கிளம்பிய ரயில் வடக்கே ஓடி, உத்தரப் பிரதேச மாநிலத்தில் உள்ள நௌதன்வா என்ற நிலையத்தை அடைய வேண்டும். கோரக்பூர் பக்கத்திலிருந்து பிரிந்து போகும் கிளைப் பாதையின் கடைசி நிலையம் அது. அங்கிருந்து சில கிலோமீட்டர் போனால் நேபாள எல்லை. அதன் பிறகு ரயில் வேண்டாம், சாலைதான்.

எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில்தான் புத்தர் பிறந்த லும்பினி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் செய்த கார் லும்பினி பக்கத்துத் தெருவில் ஓடுகிறது என்றால் வேடிக்கையாக இல்லை? நேபாளத்திலும் நம்மைப் போலவே சாலையின் இடது பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். நம் காரைப் போலவே ஸ்டியரிங் வலது பக்கம் இருந்தால் போதும்.

தாத்தா உட்கார்ந்த பெட்டி

கார்களை ஏற்றும் பெட்டி எங்கே கிடைத்தது தெரியுமா? இந்தச் செய்தி உங்களுக்குப் பிடிக்கும்.

பயணிகள் ரயில் பெட்டிகளுக்கும் வயதாகும். பல ஆண்டுகள் ஓடிய பிறகு, "இனிமேல் இதில் பயணிகளை ஏற்ற வேண்டாம்" என்று ரயில்வே ஒதுக்கிவிடும். அப்படி ஒதுக்கிய பெட்டிகளில் பலவற்றை உடைத்து இரும்புக்குப் போடாமல் சரக்குப் பெட்டியாக மாற்றுகிறார்கள். உள்ளே இருக்கும் இருக்கைகள், மின்விசிறிகள் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். ஜன்னல்களைத் தகடு வைத்து அடைப்பார்கள். பெட்டியின் இரண்டு முனைகளிலும் பெரிய கதவு வைப்பார்கள். ரயில்வேக்காரர்கள் இதை 'என்.எம்.ஜி.' பெட்டி என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

சென்னை பெரம்பூரில் 1955-ஆம் ஆண்டில் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அங்கே பிறந்த பெட்டி ஒன்று, உங்கள் தாத்தாவைத் திருச்சிக்கோ மதுரைக்கோ ஏற்றிச் சென்றுவிட்டு, இன்று கார்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போகலாம்!

இப்போது ஏற்றும் முறையைப் பார்ப்போம். பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நிற்கும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் பாலம் போல இரும்புத் தகடு போடுவார்கள். எல்லாப் பெட்டிகளின் முனைக் கதவுகளும் திறந்திருக்கும். ரயில் முழுவதும் ஒரே நீளமான சுரங்கம் போல ஆகிவிடும். கடைசிப் பெட்டியில் சாய்தளம் வைத்து, காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். முதலில் ஏறும் கார் மறுகோடி வரை போய் நிற்கும். அதன் பின்னால் அடுத்தது, அதன் பின்னால் அடுத்தது.

பெட்டிக்குள் இரண்டு பக்கமும் கொஞ்சம்தான் இடம் இருக்கும். கதவைப் பட்டென்று திறந்தால் புதுக் காரில் கீறல் விழும். பொறுமையும் கைப்பழக்கமும் இருப்பவர்தான் இந்த வேலையைச் செய்ய முடியும். நிறுத்திய பிறகு, ரயில் ஆடும்போது கார் நகராமல் இருக்கச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, பட்டையால் இறுக்கிக் கட்டுவார்கள்.

கார்களுக்கென்றே செய்த இரண்டடுக்குப் பெட்டிகளும் பிறகு வந்துவிட்டன. அந்த வகை ரயில் ஒன்றில் 300-க்கும் மேற்பட்ட கார்கள் போகலாம்.

இதையெல்லாம் ஏற்பாடு செய்வது யார்?

கல்யாண வீட்டில் சமையல் காண்ட்ராக்டரைப் பார்த்திருப்பீர்கள். அரிசி அவர் விளைவித்தது இல்லை. மண்டபமும் அவருடையது இல்லை. ஆனால் காய்கறி வாங்குவது, ஆள் ஏற்பாடு செய்வது, நேரத்துக்குப் பந்தி போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. சாப்பாடு தாமதமானால் கல்யாண வீட்டார் அவரைத்தான் கேட்பார்கள்.

சரக்கு உலகத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அவருக்கு 'ஃபார்வர்டிங் ஏஜென்ட்', அதாவது சரக்கு அனுப்பும் முகவர் என்று பெயர். பெரும்பாலும் அவருக்குச் சொந்தக் கப்பல் இருக்காது. சொந்த ரயில் இருக்காது. ஆனால் எந்தக் கப்பல் என்றைக்குப் புறப்படும், எதில் இடம் இருக்கிறது, என்ன கட்டணம், என்ன காகிதம் வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் இருக்கும் கடைக்குப் பத்துப் பெட்டி சேலை அனுப்ப வேண்டும். முகவரிடம் சொன்னால் என்னென்ன செய்வார்?

முதலில், வியாபாரியின் கடைக்கே வண்டி அனுப்பிப் பெட்டிகளை எடுத்துக்கொள்வார். ஈரம் படாதபடி கட்டி, ஒவ்வொரு பெட்டியின் மேலும் எண்ணும் முகவரியும் ஒட்டுவார். கப்பல் வரும் வரை கிடங்கில் பத்திரமாக வைப்பார். கப்பலில் இடம் பிடிப்பார். சுங்கத்துறைக்குக் காட்ட வேண்டிய காகிதங்களைத் தயார் செய்வார். வழியில் சேதமானால் நஷ்டஈடு கிடைக்க இன்சூரன்ஸ் எடுப்பார். அந்த ஊரில் இறக்கி, கடையில் சேர்ப்பதற்கும் ஆள் ஏற்பாடு செய்வார்.

பத்துப் பெட்டிக்கு ஒரு முழு கன்டெய்னர் வாடகைக்கு எடுத்தால் கட்டுப்படியாகாது அல்லவா? அதற்கும் முகவரிடம் ஒரு வழி உண்டு. நீங்கள் ஷேர் ஆட்டோவில் போவது எப்படி? ஆளுக்கு ஓர் ஆட்டோ பிடிக்காமல், ஒரே பக்கம் போகிறவர்கள் சேர்ந்து ஏறிக்கொள்கிறீர்கள். அதைப் போலவே சிங்கப்பூர் போகும் பல வியாபாரிகளின் பெட்டிகளை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்பிவிடுவார். அவரவர் பெட்டிக்கு அவரவர் பணம் கொடுத்தால் போதும்.

இன்று உலகம் முழுவதும் ஒரே மாதிரி இரும்புப் பெட்டிகளாகக் காணும் கன்டெய்னருக்கும் ஒரு பிறந்தநாள் உண்டு. 1956 ஏப்ரல் 26-ஆம் தேதி, அமெரிக்காவின் நியூவர்க் துறைமுகத்திலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டிகளுடன் ஹூஸ்டன் நகரத்துக்குப் புறப்பட்டது. இந்த யோசனையைச் செயலாக்கியவர் மால்கம் மெக்லீன். லாரித் தொழில் செய்து முன்னேறியவர். லாரியிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்கிக் கப்பலில் ஏற்றாமல், பெட்டியோடு அப்படியே தூக்கி வைத்தால் என்ன என்று அவர் யோசித்ததன் பலன்தான் இது.

காகிதத்தில் ஒரு பிழை வந்தால்?

"பரீட்சையில் பெயரையும் எண்ணையும் சரியாக எழுதுங்கள்" என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வோம். சரக்குத் தொழிலிலும் அதே பாடம்தான்.

வாலாஜாபாத் என்று ஓர் ஊர் இருப்பது போல, ராணிப்பேட்டை மாவட்டத்தில் வாலாஜாபேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. அதற்குப் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர் வாலாஜா ரோடு. இரண்டு ஊர்ப் பெயரிலும் அதே வாலாஜாதான். 'வாலாஜா' என்று மட்டும் எழுதி அனுப்பினால் சரக்கு எங்கே போகும்? இந்த மாதிரிக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் 1972-ஆம் ஆண்டில் தபால்துறை பின்கோடு முறையைக் கொண்டுவந்தது.

ஒவ்வொரு காருக்கும் பின்கோடு போல ஓர் எண் உண்டு. அதில் எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 17 இடங்கள். ஒரு காருக்கு உள்ள எண் இன்னொரு காருக்கு இருக்காது. ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றையும் இதில் சேர்ப்பதில்லை. ஐ என்பது ஒன்று போலவும், ஓ, க்யூ இரண்டும் பூஜ்யம் போலவும் தெரியும் அல்லவா? அதனால்தான். தொழிற்சாலை வாசலில், ரயிலில் ஏற்றும்போது, இறக்கும்போது என்று ஒவ்வோர் இடத்திலும் இந்த எண்ணைச் சரிபார்ப்பார்கள்.

பொருள்களுக்கும் உலகப் பொது எண் இருக்கிறது. பயணிகள் காருக்கு 8703. நம் சுங்கத்துறை அதிகாரிக்குத் தமிழோ இந்தியோ தெரியலாம். வேறு நாட்டு அதிகாரிக்கு அவர் மொழிதான் தெரியும். 8703 என்று எழுதினால் இருவருக்கும் 'கார்' என்று புரிந்துவிடும். எண்ணைத் தவறாக எழுதினால் வரி தவறாகிவிடும். சரக்கு சுங்கத்தில் நின்றுவிடும்.

இன்னொரு முக்கியமான பழக்கமும் உண்டு. கார் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்போதெல்லாம் சுற்றிப் பார்த்து, கீறல் இருந்தால் குறித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டு வாங்குவார்கள். தொழிற்சாலைக்காரர் லாரி ஓட்டுநரிடம் கொடுக்கும்போது ஒரு கையெழுத்து. ஓட்டுநர் ரயில் முனையத்தில் கொடுக்கும்போது ஒரு கையெழுத்து. கீறல் எங்கே விழுந்தது என்று பிறகு தெரிந்துகொள்ளலாம். ஒருவர் மேல் ஒருவர் பழி போட வேண்டியதில்லை. முகம் தெரியாத பலபேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்து முடிப்பது இப்படித்தான்.

ஒரு கப்பல் நின்றது, உலகம் தவித்தது

தொழிற்சாலைகள் பல மாதத்துக்கு வேண்டிய உதிரிப் பாகங்களை வாங்கிக் குவித்து வைப்பதில்லை. அதற்கு நிறைய இடமும் பணமும் வேண்டும். தேவைக்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேரும்படி ஏற்பாடு செய்கிறார்கள். எல்லாம் நேரத்துக்கு வந்தால் நல்லது. ஒரு சிறு பாகம் வராவிட்டாலும் காரை முடிக்க முடியாது.

2021 மார்ச் 23-ஆம் தேதி எகிப்து நாட்டின் சூயஸ் கால்வாயில் 'எவர் கிவன்' என்ற கப்பல் குறுக்கே சிக்கிக்கொண்டது. அதன் நீளம் 400 மீட்டர். ஆறு நாட்கள் அது நகரவில்லை. பின்னாலும் முன்னாலும் 300-க்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்துக் கிடந்தன. சில கப்பல்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போயின. முகவர்களுக்கு அந்த நாட்களில் தூக்கம் ஏது? வேறு கப்பல் தேடுவது, வேறு பாதை பார்ப்பது, காத்திருப்பவருக்குத் தகவல் சொல்வது என்று இப்படிப்பட்ட நேரத்தில்தான் அவர்களுடைய வேலையின் அருமை தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு

இப்போது நம் வாலாஜாபாத் ரயிலுக்குத் திரும்புவோம். 125 கார்களையும் சாலை வழியாக அனுப்பினால் எத்தனை லாரி வேண்டும்? ஒரு டிரெயிலர் லாரியில் எட்டு கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 125-ஐ 8-ஆல் வகுத்தால் ஈவு 15, மீதி 5. மீதி ஐந்து காருக்கும் ஒரு லாரி வேண்டுமே! ஆக 16 லாரிகள்.

ஒரே ஒரு ரயில் போனால் 16 பெரிய லாரிகள் தமிழ்நாட்டிலிருந்து நேபாள எல்லை வரை ஓட வேண்டியதில்லை. எரிபொருளும் மிச்சம். ரயிலின் எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. தார்ச் சாலையில் ரப்பர் டயர் உருள அதைவிடக் கூடுதல் சக்தி வேண்டும். அறிவியல் பாடத்தில் படித்த உராய்வு இங்கே டீசல் கணக்காக வந்து நிற்கிறது, பாருங்கள்.

அப்படியென்றால் லாரியே வேண்டாமா? அதுவும் முடியாது. தொழிற்சாலையிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும், கடைசி நிலையத்திலிருந்து கடை வரைக்கும் லாரிதான் போக வேண்டும். தண்டவாளம் எல்லாத் தெருவுக்கும் வராதே! பொங்கலுக்கும் தீபாவளிக்கும்கூட வீட்டை விட்டு எங்கோ ஒரு சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் ஓட்டுநர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் அப்பாவாகவோ மாமாவாகவோ இருக்கலாம். நாம் எழுதும் பேனாவும் படிக்கும் புத்தகமும் அவர்கள் கை வழியாக வந்தவைதான்.

உயிர் காக்கும் நான்கு விதிகள்

கடைசியாக, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்துச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அதே சாலையில்தான் நீங்களும் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறீர்கள். சரக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. கார் நசுங்கினால் இன்னொரு கார் செய்துவிடலாம். உங்களை இன்னொரு தடவை செய்ய முடியாது. ஆகவே இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

1. பெரிய லாரியின் ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். வண்டிக்கு மிக அருகில், முன்னாலும் இடது பக்கத்திலும் நிற்பவர் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். லாரியின் பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை என்று வைத்துக்கொண்டு விலகி நில்லுங்கள்.

2. நீள லாரி திரும்பும்போது, பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் போன தடத்தில் வராது. உள்பக்கமாக ஒதுங்கி வரும். திரும்பும் லாரிக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவே சைக்கிளை நுழைக்கவே கூடாது.

3. பாரம் ஏற்றிய வண்டி பிரேக் போட்டதும் நின்றுவிடாது. "நான் ஓடிக் கடந்துவிடுவேன்" என்று நினைக்காதீர்கள். அது போகட்டும், ஒரு நிமிடம் பொறுங்கள்.

4. நின்றுகொண்டிருக்கும் சரக்கு ரயிலின் அடியில் புகுந்து போகாதீர்கள். அது எந்த நொடியும் நகரலாம். படம் எடுக்கவோ விளையாடவோ பெட்டியின் மேல் ஏறாதீர்கள். தலைக்கு மேல் போகும் மின்கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை, அருகே போனாலே மின்சாரம் தாக்கும்.

மூளைக்கு வேலை!

வாலாஜாபாத்தில் ரயிலின் பின்முனை வழியாகக் கார்களை ஏற்றுகிறார்கள். போய்ச் சேர்ந்த ஊரில்,

(அ) அதே பின்முனை வழியாக இறக்கினால் எந்தக் கார் முதலில் வெளியே வரும்?

(ஆ) முன்முனை வழியாக இறக்கினால் எந்தக் கார் முதலில் வரும்?

பெரியவர்களிடம் கேட்காமல் நீங்களே யோசியுங்கள். தீப்பெட்டிகளை வரிசையாக வைத்து, பொம்மைக் கார் ஓட்டியும் பார்க்கலாம்.

விடை: (அ) கடைசியில் ஏறிய கார் முதலில் வரும். அதுவும் பின்பக்கமாகத்தான் ஓட்டி வர வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகளில், கடைசியில் வைத்த தட்டைத்தானே முதலில் எடுக்கிறோம்? (ஆ) முதலில் ஏறிய கார் முதலில் வரும். நேராகவே ஓட்டி வரலாம். ரேஷன் கடை வரிசையில் முதலில் நின்றவர் முதலில் வாங்குவது போல!